மலையடிவாரத்தில் ட்ரோன்

காற்றும் காலமும்

மேலகரத்தில் ட்ரோன் பழகுபவருக்கு முதல் பாடம் காற்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது இந்தப் பேரூர். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாகத் திறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. குற்றாலத்துச் சாரல் இந்தக் காற்றின் கொடை. சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும் இதை நம்பித்தான் நடப்பட்டன. காற்றாலைக்குத் தோதான சீமை கால் கிலோ எடையுள்ள ட்ரோனுக்குத் தோதாக இராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நிச்சயமாக இராது.

ஆண்டு முழுவதும் அப்படியில்லை. பிசான நெல் அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று தணிந்திருக்கும். காலடியில் தண்ணீரும் இராது. புதிதாகப் பழகுபவர் தொடங்க இதைவிட நல்ல பருவம் இந்தப் பகுதியில் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலைப்பொழுது மட்டும் உதவும். பத்து மணிக்கு மேல் சூடான தரையிலிருந்து எழும் காற்று சிறிய ட்ரோனை மேலும் கீழுமாக உலுக்கும். பிற்பகலில் மலைமேல் இடிமேகம் திரளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடையில் வெயில் அடிக்கும் நாட்களைப் பயன்படுத்தலாம், ஆனால் வயல்களில் தண்ணீர் நிற்கும். எந்த மாதமானாலும் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் காற்று மிகக் குறைவாக இருக்கும்.

காற்றின் வேகத்தைக் கண்ணால் மட்டிடலாம். வேப்பமரத்தின் இலைகளும் நுனிக் கொப்புகளும் ஓயாமல் அசைந்தால் காற்று விநாடிக்குச் சுமார் 4 அல்லது 5 மீட்டர். புழுதியும் காகிதமும் எழும்பிப் பறந்தால் 6 முதல் 8 மீட்டர். சிறிய மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 8 மீட்டரைத் தாண்டிவிட்டது. சிறிய கேமரா ட்ரோன்களின் கையேடுகள் பலவற்றில் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் காற்றைத் தாங்கும் என்று போட்டிருக்கும். அது கருவி தாங்கும் எல்லை. பழகுபவரின் எல்லை அதில் பாதி. தரையில் 5 மீட்டராக இருக்கும் காற்று, தென்னைமர உயரத்துக்கு மேலே இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் பலர் கருவியை இழக்கிறார்கள். ஒரு ட்ரோனின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், மேற்கிலிருந்து வரும் காற்று 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கே காற்றோடு போகும்போது ட்ரோன் 18 மீட்டர் வேகத்தில் பறந்து, 500 மீட்டரை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். திரும்பும்போது அதற்கு மிஞ்சுவது விநாடிக்கு 2 மீட்டர்தான். அதே 500 மீட்டருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ட்ரோன் தரையைத் தொடும் முன்பே பேட்டரி தீர்ந்து போகலாம். ஆகவே முதலில் காற்றை எதிர்த்துப் போய், பிறகு காற்றோடு திரும்புவதே முறை. மேலகரத்தில் இது மேற்கே, மலையை நோக்கிப் போவதைக் குறிக்கும். மலைப்பக்கம் காடு என்பதால் அந்தத் திசையில் அதிக தூரம் போகவும் முடியாது. எதிர்த்துப் போகவும் இடமில்லை, காற்றோடு போகவும் துணிவில்லை என்றால் அன்றைக்குக் கருவியைப் பையிலேயே வைத்துவிடலாம். ஏற்கெனவே காற்றில் சிக்கிக்கொண்ட ட்ரோனை மரங்களைத் தவிர்த்தபடி தாழ இறக்கினால் எதிர்க்காற்று குறையும். திரும்பும் வேகம் கூடும்.

உயரமான கட்டடங்களை ஒட்டிக் காற்று நேர்கோட்டில் வீசுவதில்லை. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நுழைபவரை எதிர்த்துத் தள்ளும் காற்று, சில அடி உள்ளே போனதும் முதுகுப்பக்கமிருந்து தள்ளுவதாக ஊரார் சொல்வதுண்டு. தடையில் மோதிய காற்று சுழன்று திசை மாறும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. கோபுரம், தண்ணீர்த்தொட்டி, அடர்ந்த தோப்பு எதுவானாலும் அதன் காற்று மறைவுப் பக்கத்தில் சுழல் இருக்கும். அமைதியாகத் தெரியும் அந்த மறைவிலிருந்து ட்ரோன் வெளியே வந்ததும் முழுக் காற்றும் ஒரேயடியாக வந்து அறையும்.

சரிவும் உயரமும்

ட்ரோனின் திரையில் தெரியும் உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கருவிக்குள் இருக்கும் காற்றழுத்த உணரி, புறப்பட்ட இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு மேலே போகப்போக அளக்கிறது. கீழே தரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்த எண்ணில் தெரியாது. சமவெளியில் இதனால் தொல்லையில்லை. குற்றாலத்துத் திரிகூடமலையின் அடிவாரத்தில் இது பெரிய தொல்லை. வயலிலிருந்து 60 மீட்டர் உயரத்துக்குக் கிளப்பி மேற்கே ஓட்டினால், திரையில் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கீழே சரிவு 50 மீட்டர் ஏறியிருந்தால் ட்ரோனுக்கும் மரத்து உச்சிக்கும் இடையே ஒன்றுமே இராது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மலைக்கு முன்னால் இருக்கிறதா மரங்களுக்குள் இருக்கிறதா என்றுகூடப் பிடிபடாது.

தானாகத் திரும்பி வரும் வசதிக்கும் இதே கணக்குதான். சமிக்ஞை அறுந்தால் ட்ரோன் முன்பே குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வரும். தொழிற்சாலை அமைப்பில் இருக்கும் உயரத்தை அப்படியே விட்டுவிடாமல், அந்தந்த இடத்தில் இருப்பவற்றில் எது உயரமோ அதற்கு மேல் வைக்க வேண்டும். நெட்டைத் தென்னை 25 மீட்டர் வரை வளரும். செல்போன் கோபுரங்களில் பல 40 மீட்டர் உயரம். காசி விசுவநாதர் கோபுரம் சுமார் 180 அடி, அதாவது 55 மீட்டர் அளவு. மேலகரத்து வயலில் 50 மீட்டர் போதும். சரிவை ஒட்டிய இடமானால் போதாது.

மேட்டிலிருந்து சமவெளிப் பக்கம் பறக்கவிடும்போது தவறு எதிர்த்திசையில் நடக்கும். 100 மீட்டர் உயரமுள்ள பொற்றையின் உச்சியில் நின்று 80 மீட்டர் மேலே ஏற்றி வெளியே ஓட்டினால், கீழே வயலுக்கு மேல் ட்ரோன் 180 மீட்டரில் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் உயரத்தை அது தாண்டிவிட்டது; திரையில் எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் இதற்கான சட்டம் 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள். எல்லாமே எடையை வைத்துத்தான். சுமையோடு சேர்த்து 250 கிராம் வரை உள்ளது நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. பொழுதுபோக்காகப் பழகுபவருக்கு இந்த முதல் இரண்டு வகைக்கு மேல் தேவைப்படாது. கடைகளில் 249 கிராம் என்று விற்கப்படும் கருவிகள் இந்தக் கோட்டை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. அதில் இறக்கைக் காப்பு வளையமோ, பெரிய பேட்டரியோ, கூடுதல் விளக்கோ மாட்டினால் கருவி மைக்ரோ ஆகிவிடும். கூடவே அதற்குரிய கடமைகளும் வந்து சேரும்.

நானோ ஓட்டுபவருக்கும், வணிக நோக்கமில்லாமல் மைக்ரோ ஓட்டுபவருக்கும் தொலைநிலை விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டில் காசு வாங்கிப் படமெடுத்தால் அது வணிகம், சான்றிதழ் வேண்டும். அதற்கு 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, பத்தாம் வகுப்புத் தேறியிருந்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேற வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். மூன்றாம் தரப்புக் காப்பீடும் வகைச் சான்றும் நானோவுக்குக் கட்டாயமில்லை. தனி அடையாள எண் என்பது, விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டவை தவிர, ட்ரோன்களுக்குப் பொதுவான கடமை. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று வளைகுடாவிலிருந்து வரும் கருவிகள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான் ஆசையாக வாங்கி வரும் ட்ரோன் திருவனந்தபுரம் விமான நிலையச் சுங்கத்திலேயே நின்றுவிடக்கூடும். தப்பி வந்துவிட்டாலும் பில் இல்லை, பதிவுக்கு வழியில்லை, பழுதானால் உதிரிபாகமும் கிடைக்காது. இந்தியாவில் முறையாக விற்கப்படும் கருவியை ரசீதோடு வாங்குவதே பிற்பாடு செலவு வைக்காத வழி.

வான்வெளியைச் சட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கிறது. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் பச்சை 200 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மஞ்சள். அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. மேலகரத்தைச் சுற்றி விமான நிலைய வளையம் எதுவும் இல்லை. தூத்துக்குடி வாகைக்குளமும் திருவனந்தபுரமும் வெகுதூரத்தில் இருக்கின்றன. அதே ட்ரோனைத் தெற்கே எடுத்துப் போகிறவர் நிலைமை வேறு. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் போன்ற இடங்களின் அருகே பையைத் திறக்கவே வேண்டாம்.

இந்த மண்டலங்களின் வரைபடம் இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பறக்கவிடுவதற்கு முன்பும் அதைப் பார்ப்பது விதிப்படி கட்டாயம். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மாநில அரசு ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகை, கும்பாபிஷேகம், தேரோட்டம் போன்ற நாட்களில் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தடை போடுவது வழக்கம். சீசன் காலத்தில் குற்றாலம் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது சட்டத்தில் எழுதப்படாத, ஆனால் மிகவும் பயனுள்ள பழக்கம்.

வரைபடத்தில் பச்சை என்பதாலேயே ஓர் இடம் பறக்க உகந்தது ஆகிவிடாது. குற்றாலத்துக்கு மேலே மலை முழுவதும் காப்புக்காடு. தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் நுழையவே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் காட்டுக்கு மேல் ட்ரோன் அனுப்புவது வழக்கில்தான் முடியும். கோயில்களுக்கு மேல் பறக்க நிர்வாகத்தின் சம்மதம், தனியார் தோப்புக்கு உரிமையாளரின் சம்மதம், ரயில் பாதைப் பக்கம் எக்காலத்திலும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது காய்ந்த வயலும் வற்றிய குளமும்தான். பழகுபவருக்கு அவையே போதும்.

அருவி

ட்ரோன் வாங்கிக் குற்றாலத்துக்குப் போகிறவர் மனதில் முதலில் வருவது அருவியை மேலிருந்து எடுக்கும் படம். புதிதாகப் பழகுபவர் செய்யவே கூடாததும் அதுதான். காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன.

விழும் தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு கீழே பாய்கிறது. அருவியின் முன்னால் எப்போதும் கீழ்நோக்கிய காற்றும் அதைச் சுற்றிச் சுழலும் இருக்கும். பேரருவி பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து மறுபடி பொங்கி வழிவதால் சாரல் ஒரே சீராக இராது. சிறிய ட்ரோன்கள் மழையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. மோட்டாரிலும் பேட்டரி முனைகளிலும் நீர்த்துளி படிந்தால் அந்த நிமிடமே நிற்கலாம், அல்லது ஒரு வாரம் கழித்துத் துருப்பிடித்து நிற்கலாம். செங்குத்தான பாறை வானத்தின் பாதியை மறைப்பதால் செயற்கைக்கோள் சமிக்ஞை குறையும். அப்போது ட்ரோன் தன் அடியில் உள்ள கேமராவைக் கொண்டு தரையைப் பார்த்து நிலைகொள்ள முயலும். அடியில் தரையே ஓடிக்கொண்டிருந்தால், தான் நகர்வதாக எண்ணி அது தண்ணீரின் போக்கிலேயே நகரத் தொடங்கும். நாற்று நட்டு நீர் நிற்கும் வயலுக்கு மேல் தாழப் பறக்கும்போதும் இதே குழப்பம், சற்றுக் குறைந்த அளவில், வரும். தேனருவிப் பக்கப் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகள் இன்னொன்று. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கலைந்த தேனீ ட்ரோனை விட்டுவிட்டுக் கீழே நிற்கும் மனிதர்களைத் தேடி வரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கீழே இருக்கும் கூட்டம். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலைக்கு மேல் தலையாக ஆட்கள் நிற்பார்கள். 249 கிராம் எடை 30 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆட்கள் திரண்ட இடத்துக்கு மேல் பறப்பதில்லை என்பது எந்த நாட்டிலும் அடிப்படை ஒழுங்கு.

கூட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அருவிக்கரையில் பெண்கள் குளிக்கும் பகுதி தனியாக இருக்கிறது. உடை மாற்றும் அறைகள் இருக்கின்றன. கேமராவோடு ஒரு ட்ரோன் அங்கே நின்றால், ஓட்டுபவர் மலையைத்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை, நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. பெண்களை அந்தரங்கமான நிலையில் அவர்கள் அறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இதைத் தொடும். ஊருக்குள்ளும் இதே கவனம் வேண்டும். மேலகரத்துத் தெருக்களில் பின்கட்டும் மொட்டைமாடியும் வீட்டின் உள்ளறை மாதிரிதான். துணி காயப்போடும் மாடிக்கு மேல் ட்ரோன் நிற்பதைப் பார்த்து ஒரு வீட்டார் சத்தம் போட்டால், சட்டம் பேசாமல் உடனே இறக்கிவிட்டு, எடுத்ததைக் காட்டி, அழித்துவிடுவதே நல்லது.

கிளம்பும் முன்

பேட்டரிதான் ட்ரோனில் கூடுதல் கவனம் கேட்கும் பாகம். லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் பொதுவாக 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் வைத்தாலும் கெடும், முழுதாகத் தீர்த்து வைத்தாலும் கெடும். எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், ஏறக்குறைய பாதிச் சார்ஜில் இருக்க வேண்டும். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மெத்தை, சோபா மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும். மே மாதத்து வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் பைக் பெட்டிக்குள்ளும் பேட்டரியை விட்டுப் போவது ஆபத்து. வயிறு உப்பிய பேட்டரியை ஒரு தடவைகூட மாட்டக் கூடாது, இன்னும் ஓடுகிறதே என்று தோன்றினாலும்.

இறக்கைகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நுனியில் சிறு பல் விழுந்திருந்தாலும் அதிர்வு கூடும், படம் நடுங்கும், மோட்டார் சூடாகும். இறக்கை விலை குறைந்த பொருள். ஒட்டு வேலை பார்க்க வேண்டாம். நான்கில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்பவை என்பதால், மாற்றி மாட்டினால் ட்ரோன் கிளம்பும்போதே கவிழும்.

கிளம்பும் இடமாக மொட்டைமாடியைத் தேர்ந்தெடுப்பது பலரும் செய்யும் பிழை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும்; மேலே ஏறியதும் ட்ரோன் வட்டமடித்துக்கொண்டு விலகிப் போகும். கார் பானெட், பம்புசெட் மோட்டார் அறை, இரும்புக் கதவு ஆகியவற்றின் பக்கமும் இதே கதைதான். வெறும் மண்ணில், புழுதி எழாமல் இருக்க ஒரு விரிப்பைப் போட்டு, அதிலிருந்து கிளப்புவது நல்லது. போதிய செயற்கைக்கோள்கள் கிடைத்து, கிளம்பிய இடம் பதிவாகிவிட்டது என்று செயலி சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடப் பொறுமை இல்லாதவரின் ட்ரோன், திரும்பி வரச் சொன்னால் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்கும்.

பிறகு தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்க்க வேண்டும், முக்கியமாக மின்கம்பிகளை. பம்புசெட்டுகளுக்குப் போகும் கம்பிகள் வயல்களுக்குக் குறுக்கே எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வானத்தின் பின்னணியில் அவை கண்ணுக்கே தெரியாது, ட்ரோனின் தடை உணரிக்கும் பெரும்பாலும் தெரியாது. கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேட வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கை பழகுதல்

பொதுவான ரிமோட் அமைப்பில் இடது குச்சி ஏற்றம் இறக்கத்துக்கும் தன்னிடத்திலேயே திரும்புவதற்கும், வலது குச்சி முன் பின், வலம் இடம் நகர்வதற்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்; யோசிக்காமல் விரல் நகர்வதற்குப் பல காலைகள் ஆகும்.

முதலில் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், ட்ரோனின் பின்புறம் ஓட்டுபவரைப் பார்த்திருக்க, ஒரே இடத்தில் நிறுத்திப் பழக வேண்டும். அடுத்தது வரப்பு வரப்பாக ஒரு சதுரம். செயற்கைக்கோள் வசதியுள்ள ட்ரோன்களில் குச்சியை விட்டுவிட்டால் கருவி அப்படியே நிற்கும் என்பதை விரலுக்குப் பழக்குவது இந்தக் கட்டத்தில்தான். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழுத்தும் கை, விட்டுவிடக் கற்றுக்கொண்டால் பாதி விபத்து குறைந்துவிடும்.

உண்மையான சோதனை ட்ரோனைத் தன்னை நோக்கித் திருப்பும்போது வரும். அப்போது வலதுக்குத் தள்ளினால் அது ஓட்டுபவரின் இடது பக்கம் போகும். இங்கே பலர் அவசரப்பட்டு உயரத்துக்கும் தூரத்துக்கும் தாவிவிடுகிறார்கள். கருவியை இழப்பதும் அங்கேதான். முகம் பார்த்த நிலையில் நிறுத்தவும், சதுரம் போடவும், எட்டு வடிவில் ஓட்டவும் வந்த பிறகே 30 மீட்டருக்கு மேலே போகலாம். தானாகத் திரும்பும் வசதியை 50 மீட்டர் தூரத்தில் வேண்டுமென்றே ஒருமுறை அழுத்தி, அது எப்படி ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் முதன்முறையாகப் பார்க்கும் காட்சியாக அது இருக்கக் கூடாது.

ட்ரோன் எப்போதும் கண்ணில் பட வேண்டும். திரையில் தெரிவது பார்வை ஆகாது. திரையில் முன்புறம் மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் வரும் பருந்து தெரியாது. கால் கிலோ ட்ரோன் முந்நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி. எந்தப் பக்கம் முகம் என்று சொல்ல முடியாது. உடன் ஒருவரை நிறுத்திக்கொண்டு, ஒருவர் திரையையும் மற்றவர் வானத்தையும் பார்ப்பது நல்ல ஏற்பாடு. சுற்றி வேடிக்கை பார்க்கவரும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதும் அந்த இரண்டாம் ஆளின் வேலை. பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் இறங்கிவிட வேண்டும், காற்றுள்ள நாளில் 40. தாழப் பறந்துவரும் ஹெலிகாப்டரோ விமானமோ காதில் விழுந்தால் உடனே இறக்க வேண்டும். ஆள் ஏறிய எந்த வானூர்திக்கும் ட்ரோன் வழிவிட வேண்டும் என்பது விதி.

பறவையும் விலங்கும்

செம்பருந்தும் கரும்பருந்தும் ட்ரோனைப் போட்டியாளராக நினைத்துப் பாயும், கூடு கட்டும் காலத்தில் சொல்லவே வேண்டாம். பருந்து வட்டமிடத் தொடங்கினால் ட்ரோனை நேர் மேலே ஏற்ற வேண்டும். செங்குத்தாக ஏறுவதில் பறவை பின்தங்கும். அது விலகியதும் இறங்கி, அன்று அந்த இடத்தை விட்டுவிடுவதே முறை. தோற்றுக் காயப்படுவது பெரும்பாலும் பறவைதான். வயலில் மேயும் மயில்களையும் நாரைகளையும் துரத்திப் படமெடுப்பது ஒரு திறமையும் இல்லாத வேலை.

வடகரை, மேக்கரைப் பக்கத் தோப்புகளில் யானை இறங்கியது என்று கேள்விப்பட்டதும் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. ட்ரோனின் இரைச்சலை யானை தேனீக்கூட்டத்தின் ஒலியைப் போல உணர்ந்து மிரள்வதாகக் கருதப்படுகிறது. மிரண்ட யானை காட்டுக்குள்தான் போகும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, ஊருக்குள்ளும் போகும். அந்த வேலையை வனத்துறையிடம் விட்டுவிட வேண்டும். குற்றாலத்துக் குரங்குகளால் வானத்தில் தொல்லை இல்லை, தரையில் உண்டு. திறந்து வைத்த ட்ரோன் பையில் தின்பண்டம் இருப்பதாக நம்பி, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அவை மரமேறிவிடும்.

விழுந்தால்

விழுந்த ட்ரோனைத் தேடும்போது செயலியில் கடைசியாகப் பதிந்த இடம் உதவும். பல கருவிகளில் அதை ஒலியெழுப்பவும் வைக்கலாம். தேடுவதற்கு முன் ரிமோட்டில் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். நெல்லுக்குள் கிடக்கும் இறக்கை யாராவது தொட்ட நேரம் பார்த்துச் சுழலக்கூடும். மின்கம்பியில் தொங்கினால் கம்பு வைத்துத் தட்டுவதோ கல்லெறிவதோ கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகு அவர்களே எடுத்துத் தரட்டும். தென்னையில் சிக்கினால் மரமேறுபவரை அழைப்பது மலிவு. பிறர் வீட்டு வளாகத்தில் விழுந்தால் கதவைத் தட்டிக் கேட்டு வாங்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் விழுந்ததைத் தானே தேடிப் போவது இரண்டாவது குற்றம்; வனச்சரக அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி அனுமதி கேட்பதைத் தவிர வழியில்லை, அனுமதி கிடைக்காவிட்டால் கருவி போனதுதான்.

தண்ணீரில் விழுந்த ட்ரோனைச் செயல்படவைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, உடனே பேட்டரியைக் கழற்றித் தனியே திறந்தவெளியில் வைக்க வேண்டும். நனைந்ததும் அடிபட்டதுமான லித்தியம் பேட்டரி சில மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். புகை வந்தால் மணலைக் கொட்டி, ஆட்களை விலக்க வேண்டும். கெட்ட பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

ஒருவருக்குக் காயம் பட்டால் முதலில் மருத்துவமனை, பிறகு மற்றவை. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வழியாக இயக்குநரகத்துக்கு அறிக்கை அனுப்புவது ஓட்டியவரின் கடமை. காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கருவியில் உள்ள பறத்தல் பதிவையும் படங்களையும் அதுவரை அழிக்கக் கூடாது.